அம்மம்மாவுக்கு ஒரு ஞாபகக் கொப்பி

ஒக்டோபர் மாதம் முதலாந் திகதியை நமது நாட்டிலே சிறுவர் தினமாகவும் முதியோர் தினமாகவும் ஒருங்கே கொண்டாடுகின்றோம். முதியோர்க்கென இத்தினத்தை ஐக்கிய நாடுகள் சபை 1990ஆம் ஆண்டிலே பிரகடனஞ் செய்தது. பேரப்பிள்ளைகளும் பாட்டன் பாட்டியரும் ஒரே நாளைப் பகிர்ந்துகொள்வது மிகப் பொருத்தமே. ஆயினும் கடையிலே ஒரு சேலையை வாங்கிக் கொடுப்பதோடு நமது கடமை தீர்ந்ததென்று எண்ணிவிடுகின்றோம். அலுமாரியிலே பத்துச் சேலைகள் மடிப்புக் கலையாமற் கிடக்க, பதினோராவது சேலையால் அம்மம்மாவுக்கு ஆவதென்ன?

பிள்ளைகள் தம் கையாலேயே செய்யத்தக்க பரிசொன்றை இவ்வாரம் எடுத்துக் கூற விரும்புகின்றோம். அது குடும்பத்து நினைவுகளைத் தொகுத்த ஒரு கொப்பி.

"எங்களிடம் படங்களே இல்லையே!" என்று பல வீடுகளிலே பெருமூச்செழும். உண்மைதான். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் கைக்கு அகப்பட்டதோடு புறப்பட்டபோது, எத்தனையோ கல்யாணப் படங்கள் சுவரிலேயே தங்கிவிட்டன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டுபோனவையும் அனந்தம். அதனாலேயே இக்கொப்பி வேண்டுமென்கின்றோம். படமும் போய், வீடும் இடிந்தபின், அந்த வீடு எங்கே நிற்கின்றது? அம்மம்மாவின் நெஞ்சிலே மாத்திரந்தான். அவரும் போய்விட்டால் அது எங்கே நிற்கும்?

முதலிற் கேள்விகளை ஆயத்தஞ் செய்யுங்கள். "உங்கள் காலம் எப்படி?" என்று கேட்டால், "என்ன மோனை, கஷ்டந்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சிறியனவற்றையே கேட்க வேண்டும். கிணற்றடியிலே என்ன மரம் நின்றது? துலா மிதித்தவர் யார்? ஆடிப்பிறப்பன்று கூழ் குடிக்கப் பலாவிலை கோலித் தந்தவர் யார்? 1956ஆம் ஆண்டிலே ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் முதன்முதலாக ஏறியது எந்த விசேஷத்துக்கு?

சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். அவர் பேச்சை இலக்கணத் தமிழாகத் திருத்தினால் அவர் குரல் மறைந்துபோகும். ஒரு பக்கத்துக்கு ஒரு நினைவு போதும். எழுத்து, கண்ணாடியின்றியும் வாசிக்கத்தக்கதாகப் பெரிதாயிருக்கட்டும். படமில்லாத வீட்டைப் பேரப்பிள்ளையே வரையட்டும். படலை எங்கே, மாட்டுக்கொட்டில் எங்கே என்று அம்மம்மா விரலாற் சுட்டுவார். பிள்ளை பிழையான இடத்திலே கோடிழுத்தால், அதைத் திருத்தும்போது இன்னொரு கதை பிறக்கும்.

எஞ்சிய படங்கள் உண்டாயின், மூலப்படத்தை ஒட்டாது பிரதி எடுத்து ஒட்டுங்கள். கோதுமை மாப் பசை கரப்பானையும் இராமபாணப் பூச்சியையும் அழைத்து வரும். கடதாசியை மடித்து நான்கு மூலைகளிலும் செருகுவதே நன்று. மூலப்படத்தின் பின்புறத்தே, நிற்பவர்களின் பெயர்களை மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதி வையுங்கள். பெயர் தெரிந்தவர் இருக்கும்போதே இதனைச் செய்தாக வேண்டும்.

கடல் கடந்த நாடுகளிலுள்ள பேரர்கள் தொலைபேசியிலே கேள்வி கேட்கட்டும். இங்குள்ள பேத்தி எழுதட்டும். பிரதியொன்று அங்கு செல்லட்டும்.

ஒன்றை மாத்திரம் மறவாதீர்கள். சில பெயர்களைக் கேட்டதும் அம்மம்மா மௌனமாகிவிடுவார். இழந்த மகனைப் பற்றியோ, திரும்பி வராத தம்பியைப் பற்றியோ வற்புறுத்திக் கேட்கலாகாது. அப்பெயருக்கென ஒரு வெறும் பக்கத்தை விட்டுவையுங்கள். என்றோ ஒருநாள் அவரே அதை நிரப்பச் சொல்வார். சொல்லாவிடினும், தம் துயருக்கும் இவ்வீட்டிலே ஓர் இடமுண்டென்று அறிந்துகொள்வார்.

இதற்கு ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடமில்லை. நாற்பது பக்கக் கொப்பியொன்றும் ஒரு பென்சிலும் போதும். பிள்ளையை அம்மம்மாவின் அருகே அமரச் செய்யுங்கள்.