ஒரே ஒரு கோப்பை! ஆனாலும் ரசிகர்கள் குறையவில்லை!

ஜெயிக்கிறவனைத்தான் உலகம் கொண்டாடும் என்பார்கள். அது முழு உண்மை அல்ல. மெல்போர்ன் நகரத்தில், செயின்ட் கில்டா கிளப்பின் ரசிகர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் தெரியும்.

மெல்போர்ன், ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. அங்கே கடற்கரையை ஒட்டி இருக்கும் பகுதியின் பெயர் செயின்ட் கில்டா. அந்தப் பெயரில் 1873-ம் ஆண்டு ஒரு கால்பந்து கிளப் தொடங்கினார்கள். 150 ஆண்டுகள் ஓடிவிட்டன. இத்தனை காலத்தில் அந்த ஆண்கள் அணி வாங்கிய லீக் கோப்பை எத்தனை தெரியுமா?

ஒன்றே ஒன்று!

இந்தக் கிளப்புக்கு "புனிதர்கள்" என்று செல்லப் பெயர் உண்டு. 1897-ல் லீக் போட்டிகள் தொடங்கின. புனிதர்கள் முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாவதிலும் தோற்றார்கள். இப்படியே வரிசையாக 48 ஆட்டங்களில் தோற்றார்கள்! மூன்று ஆண்டுகள் முழுசாகப் போய்விட்டன. ஒரு வெற்றிகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் கடையைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

இவர்கள் போகவில்லை. தாத்தா ஆதரித்த கிளப்பை அப்பா ஆதரித்தார். அப்பா ஆதரித்த கிளப்பைப் பிள்ளை ஆதரிக்கிறான். சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று நிறச் சட்டை. முதுகில் தனக்குப் பிடித்த ஆட்டக்காரரின் எண். எந்த எண் என்பதில்தான் தகராறு எல்லாம்!

கையும் உண்டு, காலும் உண்டு

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்தான் கால்பந்து. பந்து உருண்டை அல்ல, முட்டை வடிவம். மைதானமும் அதே வடிவம். பக்கத்துக்கு 18 பேர் ஆடுவார்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்கு ஒரு முறை தரையில் தட்ட வேண்டும். கூட்டாளிக்குக் கொடுப்பதானால் காலால் உதைக்க வேண்டும். அல்லது முஷ்டியால் குத்திவிட வேண்டும். கையால் எறிந்தால் தவறு.

இரண்டு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல். அதற்கு 6 பாயிண்ட். பக்கத்து இடைவெளியில் போனால் 1 பாயிண்ட்தான்.

மேலே பறந்து வரும் பந்தை எகிறிப் பிடிப்பதுதான் ஜனங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி. எதிராளியின் தோள்மேல் முழங்காலை வைத்து ஏறிக்கூடப் பிடிப்பார்கள்! பிடித்துவிட்டால் யாரும் தடுக்க முடியாது. நிதானமாக நின்று உதைக்கலாம்.

கிடைத்த ஒரு கோப்பை

1966-ம் ஆண்டு செப்டம்பர் 24. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். எதிரே காலிங்வுட் அணி. கடைசி நிமிடங்களில் இரண்டு பக்கமும் 73 பாயிண்ட். அப்போது பாரி பிரீன் என்ற இளைஞர் ஒரு உதை விட்டார். பந்து ஒழுங்காகப் போகவில்லை. தள்ளாடித் தள்ளாடிப் போய், பக்கத்து இடைவெளியில் விழுந்தது. கோல் இல்லை, ஒரே ஒரு பாயிண்ட்! 74-க்கு 73. கோப்பை வந்துவிட்டது.

அன்றைய காப்டன் டாரல் பால்டாக். மூன்று முறை பிரவுன்லோ பதக்கம் வென்ற இயான் ஸ்டூவர்ட்டும் அந்த அணியில் இருந்தார். லீக் முழுவதிலும் நேர்மையாகவும் சிறப்பாகவும் ஆடியவருக்கு நடுவர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் பதக்கம் அது. இவர்களை ரசிகர்கள் கொண்டாடுவதில் அதிசயம் இல்லை. கோப்பை கொண்டுவந்தவர்கள் ஆயிற்றே!

அதன் பிறகு வந்தவர்களைக் கொண்டாடுகிறார்களே, அதுதான் அதிசயம்.

கூப்பிட்டும் போகாதவர்

டிரெவர் பார்க்கர். எண் 1. பொன்னிறத் தலைமுடி. பந்தைப் பிடிக்க எகிறினால், மனிதன் கீழே வருவானா என்று கூட்டம் வாயைப் பிளக்கும்.

1975-ல் வந்தார். 1989-ல் ஓய்வு பெற்றார். 230 ஆட்டங்கள். அந்த 15 ஆண்டுகளில் புனிதர்கள் ஒரு முறைகூட இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. 1983, 1984, 1985, 1986 என்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கடைசி இடம்! கிளப்பின் கஜானாவும் காலி. கடன்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ஆட்டக்காரர்களும் தங்களுக்கு வரவேண்டிய பாக்கியில் பெரும் பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது.

பார்க்கர் போன்ற ஆட்டக்காரருக்கு வேறு இடமா கிடைக்காது? கூப்பிட்டார்கள். போயிருந்தால் பணம் கிடைத்திருக்கும். கோப்பையும் கிடைத்திருக்கலாம். அவர் போகவில்லை.

"பிழைக்கத் தெரியாதவர்" என்று யாராவது சொல்லலாம். ஆனால் வாரம் முழுவதும் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு தோல்வியைப் பார்க்க வருகிறானே ரசிகன், அவனும்தான் பிழைக்கத் தெரியாதவன். அவனும் வேறு கிளப்புக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. மைதானத்தில் தன்னைப் போலவே ஒருவன் நிற்கிறான் என்று கண்டான். அதனால்தான் பார்க்கர் அவனுக்கு வேண்டியவர் ஆனார்.

1996 ஏப்ரலில் பார்க்கர் புற்றுநோயால் இறந்தார். வயது 39தான். கிளப்பின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பரிசு இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. கோப்பையைத் தொட்டே பார்க்காத ஒருவர் பெயரில்!

போனவர் மட்டும் கெட்டவரா?

அப்படியானால் டோனி லாக்கெட்டை என்ன செய்வது? இங்கேதான் குடும்பத்தில் குழப்பம்.

எண் 4. மலை போன்ற உடம்பு. கோல் போடுவதில் அவருக்கு இணையே கிடையாது. மொத்தம் 1,360 கோல்கள். லீக்கின் வரலாற்றில் வேறு யாரும் அத்தனை போட்டதில்லை. அதில் 898 கோல்கள் செயின்ட் கில்டாவுக்காகப் போட்டவை. ஆனால் 1994 முடிந்ததும் அவர் சிட்னி அணிக்குப் போய்விட்டார். 1999-ல் பழைய சாதனையை முறியடித்தபோது அவர் உடம்பில் இருந்தது சிட்னியின் சட்டை. ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மெல்போர்னில் எத்தனை வீடுகளில் அன்று பெருமூச்சு விட்டார்களோ!

"பார்க்கர் இருந்தாரே, இவர் ஏன் இருக்கவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயம் இல்லை. 12 பருவங்கள் தோற்கும் அணிக்குக் கோல் போட்டுக் கொடுத்தவர் அவர். இருந்தவரைப் புகழலாம். அதற்காகப் போனவரைத் திட்ட வேண்டியதில்லை. கூலிக்கு உழைத்தவன் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் யாராவது துரோகி என்பார்களா?

ராபர்ட் ஹார்வி பற்றித் தகராறே கிடையாது. எண் 35. 21 பருவங்கள், 383 ஆட்டங்கள். கிளப்பில் இதுதான் அதிகம். 1997, 1998 இரண்டு ஆண்டுகளும் பிரவுன்லோ பதக்கம் அவருக்கே. ஓடிக்கொண்டே இருப்பார். கோப்பை? இல்லை. 1997-ல் இறுதி ஆட்டம் வரை போய் அடிலெய்டிடம் தோற்றார்கள்.

காப்டன் நிக் ரீவோல்ட் கதை இன்னும் பரிதாபம். 2009-ல் புனிதர்கள் தொடர்ந்து 19 ஆட்டங்களில் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் 12 பாயிண்டில் தோற்றார்கள். 2010 இறுதி ஆட்டத்தில் காலிங்வுட்டோடு 68-க்கு 68, சமம்! கடைசி நேரத்தில் கோலை நோக்கிப் போன பந்து, முட்டை வடிவம் அல்லவா, குதித்துத் திசை மாறிவிட்டது. உருண்டைப் பந்தாக இருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும். அடுத்த வாரம் மறுபடியும் ஆடினார்கள். அதில் 56 பாயிண்டில் தோல்வி.

சட்டையைத் தூக்கியவர்

முதல் இடம் யாருக்கு? பார்க்கருக்கு என்று பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் அந்த இடம் எண் 7, நிக்கி வின்மாருக்கே உரியது.

வின்மார் ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்களில் ஒருவர். வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து இறங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்த ஜனங்கள். லீக்கில் 200 ஆட்டங்கள் ஆடிய முதல் பூர்வகுடி ஆட்டக்காரர் அவர்தான்.

1993 ஏப்ரல் 17. காலிங்வுட்டின் சொந்த மைதானமான விக்டோரியா பார்க். வின்மாரையும், அவரைப் போலவே பூர்வகுடியைச் சேர்ந்த கில்பர்ட் மக்காடமையும், எதிர் அணி ரசிகர்களில் ஒரு கூட்டம் நிறத்தைச் சொல்லிக் கேவலமாகத் திட்டியது. இருவரும் அபாரமாக ஆடினார்கள். புனிதர்கள் வென்றார்கள்.

ஆட்டம் முடிந்தது. வின்மார் அந்தக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கையை ஓங்கவில்லை. சட்டையைத் தூக்கினார். தன் கறுப்புத் தோலை விரலால் சுட்டிக் காட்டினார். கறுப்பனாக இருப்பதில் தனக்குப் பெருமை என்று உரக்கச் சொன்னார். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அதைப் படம் பிடித்தார்கள். மறுநாள் நாடே பார்த்தது.

எதிர் அணிக்காரரைக் கேலி செய்வது ஆட்டத்தோடு பிறந்தது. கோலைத் தவறவிட்டால் சிரிக்கலாம். ஆனால் பிறந்த நிறத்தை இழுத்தால் அது விளையாட்டு ஆகுமா? தன் அணியில் இருக்கும் கறுப்பு ஆட்டக்காரர் கோல் போட்டால் "எங்கள் ஆள்" என்று துள்ளுகிறான். எதிரில் இருக்கும் கறுப்பு ஆட்டக்காரரைப் பார்த்தால் வாய் வேறு பேசுகிறது. இவன் நேசிப்பது ஆட்டக்காரரை அல்ல, சட்டையை. அந்தச் சட்டையைத் தூக்கித்தான் வின்மார் உள்ளே இருந்த மனிதனைக் காட்டினார்.

பார்க்கர் செய்தது ஒரு கிளப்புக்கு. வின்மார் செய்தது எல்லாக் கிளப்புகளின் ரசிகர்களுக்கும், திட்டியவர்களையும் சேர்த்து!

உடனே எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். மைதானத்தில் இன இழிவுப் பேச்சைத் தடுக்க 1995-ல் லீக் விதி கொண்டுவந்தது. விதி வந்த பிறகும், சிட்னி அணியின் பூர்வகுடி வீரர் ஆடம் குட்ஸ் பந்தைத் தொட்டாலே கூச்சல் போட்டார்கள். இரண்டு முறை பிரவுன்லோ பதக்கம் வாங்கியவர்! இனவெறியைக் கண்டித்துப் பேசினார், அவ்வளவுதான். 2015-ல் அவர் ஆட்டத்தையே விட்டார். லீக்கும் 18 கிளப்புகளும் 2019-ல் மன்னிப்புக் கேட்டன. கூச்சல் போட்டபோது கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு அது.

அதே 2019-ல் பெர்த் நகரத்து மைதானத்துக்கு வெளியே வின்மாருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பந்தை உதைப்பது போலச் செய்யவில்லை. இடது கையால் சட்டையைத் தூக்கி, வலது கை விரலால் தோலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஆட்டம் பார்க்க வரும் பிள்ளைகள், "இவர் ஏன் இப்படி நிற்கிறார்?" என்று அப்பாவிடம் கேட்கலாம். அப்பாக்கள் பதில் சொல்லியாக வேண்டும்.