குறைந்த வாடகை நல்ல வீடாகுமா?

பேராவுக்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆறு, தஞ்சோங் மாலிம் நகரைத் தொட்டுச் சென்று, சபாக் பெர்ணம் வட்டாரத்தில் கடலில் கலக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் சபாக், சுங்கை ஆயர் தாவார், சுங்கை புசார் முதலிய சிற்றூர்களும் அவற்றைச் சூழ்ந்த செம்பனை, தென்னைத் தோட்டங்களும் உள்ளன. மேற்பகுதியில் இருப்பது சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். தமிழாசிரியராக விரும்பும் மாணவர் பலர் நாடிச் செல்லும் கல்விக்கூடம் அது. ஊர்களை இணைக்கும் ஆறு ஒன்றுதான் என்றாலும் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து நாள்தோறும் அங்குப் போய்வர முடியாது. எனவே, அங்குப் படிக்கச் செல்லும் மாணவர் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும்.

தஞ்சோங் மாலிம் சிறிய நகரம். 1922-ஆம் ஆண்டு அங்குத் தொடங்கப்பட்ட ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதே போல, ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த கம்பார் நகரத்தில் 2007-ஆம் ஆண்டு துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் செயல்படத் தொடங்கியது. ஈயத் தொழில் நலிந்த ஊர் இன்று மாணவர்களின் ஊராக மாறியுள்ளது. இத்தகைய நகரங்களில் பல்கலைக்கழக விடுதியில் எல்லா ஆண்டுகளிலும் இடம் கிடைக்கும் என்று எந்த மாணவரும் உறுதியாக இருக்க முடியாது. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ பலர் வெளியே வீடு தேடுகின்றனர். சிலர் முதல் நாளிலிருந்தே தேட வேண்டியுள்ளது.

அப்பொழுது பெரும்பாலான குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி, "மாத வாடகை எவ்வளவு?" என்பதுதான். வருமானம் குறைந்த குடும்பத்திற்கு அக்கேள்வி இயல்பானது. ஆனால், அதுவே கடைசிக் கேள்வியாகவும் அமைந்துவிடுவதுதான் சிக்கல். மொத்தச் செலவு, இடம், பாதுகாப்பு, எழுத்து ஒப்பந்தம் ஆகிய நான்கையும் ஆராயாமல் வாடகை குறைவு என்பதற்காக மட்டும் எடுக்கப்படும் அறை, இறுதியில் விலை கூடிய அறையாகவே முடியும்.

முதலில் மொத்தச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதம் 900 ரிங்கிட் வாடகை உள்ள ஒரு வீட்டை ஆறு மாணவர்கள் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 150 ரிங்கிட். கேட்பதற்குக் குறைவான தொகைதான். ஆனால், மலேசியாவில் வீடு வாடகைக்கு எடுப்போர் பொதுவாக இரண்டு மாத வாடகையை வைப்புத் தொகையாகவும், அரை மாத வாடகையை நீர், மின்சாரத்திற்கான வைப்புத் தொகையாகவும், ஒரு மாத வாடகையை முன்பணமாகவும் செலுத்துவது வழக்கம். அக்கணக்கின்படி சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே 3,150 ரிங்கிட் தேவை. ஒருவர் பங்கு 525 ரிங்கிட். 2025-ஆம் ஆண்டு உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். பி.டி.பி.டி.என். கல்விக் கடனை நம்பியிருக்கும் மாணவருக்கு அப்பணத்தின் பெரும்பகுதி பதிவு முடிந்த பின்னரே கைக்கு வரும். வீட்டு உரிமையாளரோ அதற்கு முன்பே பணத்தைக் கேட்பார்.

விடுமுறைக் கணக்கும் உண்டு. ஒப்பந்தம் பன்னிரண்டு மாதங்களுக்கு எனில், ஆண்டுக்கு 1,800 ரிங்கிட் கட்ட வேண்டும். நீண்ட விடுமுறைகளில் ஊருக்குத் திரும்பும் மாணவர் ஒன்பது மாதங்கள் மட்டுமே அங்குத் தங்கினால், தங்கும் மாதம் ஒவ்வொன்றுக்கும் அவர் செலுத்தும் உண்மையான வாடகை 200 ரிங்கிட் ஆகிறது. இதனுடன் மின்சாரம், நீர், இணையச் சேவை, எரிவாயு ஆகியவற்றின் பங்கும் சேரும். ஆகவே, 150 ரிங்கிட் என்னும் எண்ணை மட்டும் கேட்டு மகிழ்வது கணக்கில் பாதியைப் பார்ப்பதற்குச் சமமாகும்.

அடுத்து, இடத்தைப் பற்றி எண்ண வேண்டும். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திற்கு நகரத்தில் ஒரு வளாகமும் புரோட்டோன் சிட்டி பகுதியில் மற்றொரு வளாகமும் உள்ளன. தமது பாடங்கள் எந்த வளாகத்தில் நடைபெறும் என்பதை அறியாமல், 'பல்கலைக்கழகத்திற்கு மிக அருகில்' என்ற விளம்பரத்தை நம்பி வீடு எடுக்கும் மாணவர், வளாகம் மாறிப்போனால் நாள்தோறும் அலைய நேரிடும். தொலைவில் உள்ள அறைக்கும் நடந்து செல்லும் தூரத்தில் உள்ள அறைக்கும் வாடகையில் எழுபது ரிங்கிட் வேறுபாடு இருக்கலாம். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய், பழுதுபார்ப்பு, சாலை வரி, காப்புறுதி எனக் கூட்டிப் பார்த்தால் அந்த எழுபது ரிங்கிட் சேமிப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். மழையிலும் இருட்டிலும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் ஆபத்துக்கு விலை குறிக்கவே முடியாது. இரவில் நூலகம் மூடும் வரை இருந்து படிக்க விரும்பும் மாணவருக்கு நடந்து செல்லும் தூரத்தில் ஓர் அறை கிடைத்தால், அது அவருடைய படிப்புக்கும் துணையாகும்.

மூன்றாவது, பாதுகாப்பு. வீட்டைக் கைப்பேசிப் படத்தில் பார்ப்பது வேறு. நேரில் பார்ப்பது வேறு. படத்தில் சுவரின் வண்ணம் தெரியும். கூரை ஒழுகுவது தெரியாது. மலேசிய வீடுகளில் கதவுக்கும் சன்னலுக்கும் இரும்புக் கம்பி போடுவது வழக்கம். திருடர் உள்ளே வராமல் தடுக்கும் அதே கம்பி, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியேறுவதையும் தடுத்துவிடும். எந்தக் கதவைத் திறந்து வெளியேறலாம், அதன் சாவி எங்கே இருக்கும், ஒவ்வொருவரிடமும் சாவி உண்டா என்பவற்றை முதல் நாளிலேயே கேட்க வேண்டும். கூடத்தைப் பலகையால் தடுத்து, சன்னலே இல்லாத அறைகளாக்கி வாடகைக்கு விடும் வீடுகளைத் தவிர்ப்பது நல்லது. ஒரே மின்முனையில் பல கருவிகளைச் செருகியிருக்கும் வீட்டையும் ஐயத்துடன் நோக்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்க்க அரை மணி நேரம் போதும்.

நான்காவது, எழுத்து ஒப்பந்தம். தோட்டப்புறக் குடும்பங்கள் இதனைக் கூடுதல் கவனத்துடன் நோக்க வேண்டும். அவர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட நிர்வாகம் வழங்கிய லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள். வேலை இருக்கும் வரை வீடு உண்டு. வைப்புத் தொகை கிடையாது. வாடகைப் பத்திரமும் கிடையாது. தோட்டங்கள் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டபோது, பல்லாண்டு வாழ்ந்த வீட்டின்மீது உரிமை கோர எழுத்துச் சான்று ஏதும் இல்லாமல் பல குடும்பங்கள் தவித்தன. தாளில் எழுதப்படாத வீடு எவ்வளவு நிலையற்றது என்பதை அக்குடும்பங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அனுபவத்திலிருந்து அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ள வேண்டும்.

மலேசியாவில் வீட்டு வாடகை தொடர்பான சிக்கல்களை நெடுங்காலமாக 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களே ஆண்டு வருகின்றன. எனவே, இரு தரப்பினரும் எதில் கையொப்பம் இடுகிறார்களோ, அதுவே பெரும்பாலும் அவர்களைக் கட்டுப்படுத்தும். பதினெட்டு வயது நிறைந்தவர் சட்டப்படி ஒப்பந்தம் செய்யும் தகுதி பெறுகிறார். பள்ளியை விட்டு வெளியேறிய சில மாதங்களிலேயே ஒருவர் தம் பெயரில் பொறுப்பேற்கிறார் என்பது இதன் பொருள். ஆறு பேர் தங்கும் வீட்டில் ஒருவர் மட்டும் கையொப்பம் இட்டால், மற்றவர்கள் பங்கைக் கொடுக்காமல் போனாலும் உரிமையாளர் அந்த ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்பார். நண்பர் படிப்பைப் பாதியில் நிறுத்தினால் அவர் பங்கை யார் கட்டுவது, மின்கட்டணம் யார் பெயரில் வரும், வைப்புத் தொகை எப்பொழுது திரும்பும், எந்தக் காரணத்திற்காக அதிலிருந்து பணம் கழிக்கப்படும் ஆகியவை அனைத்தும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். கையொப்பமிட்ட பத்திரத்திற்கு முத்திரை வரி செலுத்தப்பட வேண்டும். அவ்வாறு செலுத்தப்படாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை.

ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரி எவ்வளவு முக்கியமானது என்பதை 2020-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வகுப்புகள் இணையத்திற்கு மாறின. மாணவர்கள் ஊர் திரும்பினர். அறைகள் பூட்டிக் கிடந்தன. ஆனால், ஒப்பந்தக் காலம் முடியாததால் வாடகைப் பொறுப்பு தொடர்ந்தது. முன்கூட்டியே அறிவித்து விலகும் வழி பத்திரத்தில் இருந்தவர்களுக்குப் பேசுவதற்கு ஓர் அடிப்படை இருந்தது. அது இல்லாதவர்கள் உரிமையாளரின் இரக்கத்தையே நம்ப வேண்டியிருந்தது.

"தெரிந்தவர் வீடுதானே! தாளை நீட்டினால் அவர் மனம் நோகாதா?" எனச் சில பெற்றோர் தயங்குவர். உறவினர் அறிமுகம் செய்த வீடு நல்ல வீடாக இருக்கலாம். அப்படியிருந்தும், எழுதி வைப்பது ஐயத்தின் அடையாளம் அன்று. வீட்டு உரிமையாளருக்கும் அச்சங்கள் உண்டு. கட்டணத்தைச் செலுத்தாமல் இரவோடு இரவாக வெளியேறிய மாணவர்களையும், கதவையும் நாற்காலியையும் உடைத்துவிட்டுப் போன மாணவர்களையும் பார்த்தவர்கள் அவர்கள். ஒப்பந்தம் அவர்களையும் காக்கிறது. வீட்டுக்குள் நுழையும் நாளில் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து இரு தரப்பினரும் வைத்துக்கொண்டால், வெளியேறும் நாளில் வாக்குவாதம் எழாது. நல்லுறவு நீடிப்பதற்கும் அதுவே வழி.

அறிமுகம் இல்லாதவர்களிடம் இன்னும் கூடுதல் விழிப்புத் தேவை. சமூக ஊடகத்தில் அழகான வீட்டின் படத்தைக் காட்டி, "இன்றே முன்பணம் கட்டாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்" என அவசரப்படுத்துவது மோசடிக்காரர்களின் பழைய உத்தி. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு சென்னும் அனுப்பக்கூடாது. பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டதாக அறிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

வீட்டை மட்டுமன்றி, உடன் வாழ்வோரையும் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. பல்கலைக்கழக நகரங்களில் ஒரே கூரையின்கீழ் பல இன மாணவர்கள் வாழ்வதுண்டு. சமையல் பாத்திரங்களை எப்படிப் பகிர்வது, எந்த உணவை வீட்டில் சமைப்பதில்லை, வழிபாட்டுக்கு எந்த மூலை, இரவு எத்தனை மணிக்குப் பிறகு அமைதி என்பனவற்றைக் குடிபுகும் முன்பே பேசி முடிவு செய்தால் பின்னால் மனக்கசப்பு வராது. பிறர் பழக்கத்தை மதித்து வாழும் வீடு, வகுப்பறையில் கிடைக்காத பாடத்தையும் கற்பிக்கும்.

இவ்வளவையும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் தனியாக அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. படிவம் ஐந்து, ஆறு மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசக ஆசிரியர்கள், பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பற்றி விளக்கும்பொழுதே வாடகை ஒப்பந்தம் ஒன்றையும் காட்டி வாசிக்கச் செய்யலாம். அதே ஊரிலிருந்து முன்பே சென்று படித்தவர்கள், எந்தக் குடியிருப்பில் வெள்ளம் ஏறும், எந்தச் சாலையில் விளக்கு எரியாது என்பதைத் தம்பி, தங்கையருக்குச் சொல்லலாம். பெற்றோர் ஒரு நாள் வேலைக்கு விடுப்பு எடுத்தேனும் வீட்டை நேரில் பார்த்து வரலாம். அந்த ஒரு நாள் சம்பளம் வீண் போகாது.

குறைந்த வருமானம் உள்ள குடும்பம்தான் இவற்றில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். வசதி படைத்தவர் தவறான வீட்டை எடுத்துவிட்டால் வைப்புத் தொகையை இழந்து வேறு வீட்டுக்கு மாறிக்கொள்வார். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு எளிதில் கிடைக்காது. இழந்த 525 ரிங்கிட்டுக்காகப் பகுதி நேர வேலைக்குச் செல்லத் தொடங்கி, வகுப்பைத் தவறவிட்டு, படிப்பில் பின்தங்கும் நிலையும் நேரலாம். எனவே, வீடு தேடும் மாணவர் வாடகையைக் கேட்கட்டும். ஆனால், அதனோடு மொத்தச் செலவையும் கணக்கிட்டு, இடத்தையும் பாதுகாப்பையும் நேரில் கண்டு, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படித்த பின்னரே கையொப்பம் இடட்டும்.