பழகிவிடும் உடலும் பழகாத உடலும்

ஒட்டகத்தின் திமிலில் என்ன இருக்கிறது என்று மத்ரஸாவில் கேட்கும்போதெல்லாம், "தண்ணீர்" என்ற பதில்தான் முதலில் வருகிறது. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. மேடைப் பயான்களிலும் இதைத்தான் அவர்கள் கேட்டு வளர்கிறார்கள். ஒட்டகத்தின் படைப்பை உற்று நோக்குமாறு அல்காஷியா அத்தியாயத்தின் 17ஆம் வசனம் நம்மைத் தூண்டுகிறது. உற்று நோக்கச் சொல்லப்பட்ட ஒன்றைப் பற்றிச் செவிவழிச் செய்தியோடு நின்றுவிடுவது அந்த வசனத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

திமிலில் இருப்பது கொழுப்பு. தீவனம் கிடைக்காத காலத்தில் அது கரைந்து, திமில் தளர்ந்து ஒருபுறமாகச் சாய்ந்துவிடும். கொழுப்பு முதுகின் மேல் ஓரிடத்தில் திரண்டிருப்பதால், தோலுக்கடியில் அது போர்வைபோல் பரவி உடற்சூட்டைத் தடுப்பதில்லை. நட் ஷ்மித்-நீல்சன் என்ற உடலியங்கியல் அறிஞர் 1950களில் அல்ஜீரியாவின் சஹாராப் பகுதியில் தங்கி, தாகத்தின்போது ஒட்டகத்துக்கு என்ன நிகழ்கிறது என்பதை அளந்து பார்த்தார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல்வெப்பம் விடியற்காலையில் சுமார் 34 டிகிரி செல்சியஸுக்கு இறங்குகிறது. பிற்பகலில் 40 டிகிரிக்கும் மேலே செல்கிறது. நமக்கு அது கடும் காய்ச்சல். ஒட்டகத்துக்கோ அதுவே சிக்கனம். பகற்சூட்டை வியர்த்துத் தணிக்காமல் உடலிலேயே தேக்கி வைத்து, இரவின் குளிரில் வெளியேற்றிவிடுகிறது. இதனால் ஒரு பெரிய ஒட்டகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. அதன் முதுகு ரோமத்தைக் கத்தரித்தபோது நீரிழப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடியதையும் அவர் கண்டார். ரோமத்தைச் சுமை என்று நினைக்கிறோம். அதுவோ குடையாக இருக்கிறது.

உடல் எடையில் கால் பங்கு அளவு நீரை இழந்தும் ஒட்டகம் நடமாடும். இழக்கும் நீரில் பெரும்பகுதி திசுக்களிலிருந்தே போகிறது. குருதியின் நீர் பெரிதும் காக்கப்படுகிறது. பின்னர் நீர்நிலையைக் கண்டதும் 10 நிமிடங்களில் சுமார் 100 லிட்டர் குடித்துவிடும். அவ்வளவு நீர் திடீரெனப் புகுந்தாலும், நீள்வட்ட வடிவமுள்ள அதன் சிவப்பணுக்கள் வெடிக்காமல் விரிந்து கொடுக்கின்றன. மனிதன் கடும் வெயிலில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை இழந்தாலே உயிருக்கு ஆபத்து. குருதி தடித்து, உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டு வர இதயத்தால் இயலாமல் போகிறது.

மனித உடலுக்கும் தனித் திறமை உண்டு. நமக்கு வழங்கப்பட்டிருப்பது வியர்வை. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் நம் தோலில் இருக்கின்றன. வளைகுடாவுக்குப் புதிதாக வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் முதல் வாரத்தில் துவண்டுபோவதும், இரண்டு வாரங்களில் ஓரளவு தேறிவிடுவதும் வீடுதோறும் அறிந்த செய்தி. அந்த நாள்களில் குருதியின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, வியர்வையில் வெளியேறும் உப்பு குறைகிறது. ஆக, "உடம்பு பழகிவிடும்" என்று நம் பெரியவர்கள் சொல்வது வெறும் ஆறுதல் அன்று. ஆனால் பழகிய உடலுக்கும் தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும். சவூதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகலில் திறந்தவெளி வேலைக்குத் தடை இருப்பது அதனால்தான்.

நோன்பும் இவ்வாறே. ஸஹர் உணவு செரித்து முடிந்ததும், கல்லீரல் தன்னிடம் சேமித்துள்ள ஏறத்தாழ 100 கிராம் கிளைகோஜனைச் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக்கி மூளைக்கு அனுப்புகிறது. அது குறையக் குறைய உடல் கொழுப்பின் பக்கம் திரும்புகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் கணக்குப் பார்ப்பவை இன்சுலினும் குளுக்ககானும். நலமுள்ள உடல் இதை மஃரிப் வரை எளிதாகச் செய்து முடிக்கும். முதல் மூன்று நாள் தலைவலியோடு சரி. அதுவும் பல வீடுகளில் தேநீர் கிடைக்காத தலைவலிதான்.

இனி, நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருவோம். "பழகிவிடும்" என்ற இதே சொல் ரமளானில் சர்க்கரை நோயுள்ள தாய்மார்களிடமும் சொல்லப்படுகிறது. "சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை குறையத்தானே செய்யும், நல்லதுதானே?" என்று வாதம் வேறு. இன்சுலின் சுரக்காத கணையம் எத்தனை ரமளான் கடந்தாலும் சுரக்கப் பழகிக்கொள்ளாது. முதல் வகை நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்திவிட்டு நோன்பிருந்தால், அவர் ஒரு கவளமும் உண்ணாத நிலையிலேயே கல்லீரல் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருக்கும்; கொழுப்பு கட்டுக்கடங்காமல் உடைந்து, கீட்டோன்கள் பெருகி, குருதி அமிலமாகும். இரண்டாம் வகையினரில் சிலர் உண்ணும் மாத்திரைகளோ, உணவு வந்ததா இல்லையா என்று பாராமல் இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அவர்களுக்கு அஸர் நேரத்தில் சர்க்கரை சரிந்து கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும்.

ஒன்றை மட்டும் உடல் உண்மையிலேயே பழகிக்கொள்கிறது. சர்க்கரை அடிக்கடி சரிந்தால் அந்த நடுக்கமும் வியர்வையும் நாளடைவில் மங்கிவிடுகின்றன. எச்சரிக்கை மணி ஓய்ந்துவிடுகிறது. "சென்ற ஆண்டு தலை சுற்றியது, இந்த ஆண்டு ஒன்றும் தெரியவில்லை" என்று ஒருவர் மகிழ்ந்து சொன்னால், வீட்டார் அஞ்ச வேண்டிய இடம் அதுவே.

பயணமொன்றில் மக்கள் கூடி ஒருவருக்கு நிழல் அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். அவர் நோன்பாளி என்று அறிந்ததும், பயணத்தில் அவ்வாறு நோன்பிருப்பது நன்மையில் சேராது என்று உணர்த்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. அவர் பாலைவெயிலில் பிறந்து வளர்ந்த மனிதர். "உமக்குத்தான் வெயில் பழக்கமாயிற்றே" என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் உரிய சலுகையை அல்பகரா அத்தியாயம் நோன்பைக் கடமையாக்கும் இடத்திலேயே சேர்த்துச் சொல்கிறது. நம் குடும்பங்களில் அது ஏனோ ஏட்டளவில் நின்றுவிட்டது. பகலில் உண்ண வேண்டிய தாய், பேரப்பிள்ளை பார்த்துவிடுமோ என்று அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு உண்கிறார். அந்த வெட்கத்தை மார்க்கம் அவருக்குக் கொடுக்கவில்லை, நாம்தாம் கொடுத்தோம்.

நீரிழிவுள்ள எவரும் நோன்பு நோற்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. உணவுக் கட்டுப்பாட்டிலும் ஆபத்துக் குறைந்த மாத்திரைகளிலும் நோய் அடங்கியிருப்போர் பலர், மருத்துவரின் மேற்பார்வையில் நலமாகவே நோற்கிறார்கள். அதற்கு ரஜபிலேயே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பிறை பார்த்த இரவில் மாத்திரையை இரண்டாக உடைப்பது வழியன்று. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் நிலை. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அருகிலிருப்பவர். சர்க்கரை சரிந்து குழம்பிய மூளையிடம் அதை விட்டுவைக்க முடியாது.

குணமடையும் நம்பிக்கையுள்ளவர் விடுபட்ட நோன்புகளைப் பின்னர் நோற்பார். தீராத நோயாளிக்கு ஃபித்யா இருக்கிறது: ஷாஃபிஈ மத்ஹபில் நாளொன்றுக்கு ஒரு முத் உணவுப்பொருள், ஹனஃபி மத்ஹபில் அதனினும் கூடுதல். ஊர் ஆலிமிடம் அளவைக் கேட்டு, அரிசியைத் தாயின் கையாலேயே ஏழை வீட்டுக்குக் கொடுக்கச் செய்யலாம். நோன்புக் கஞ்சியை ஊற்றிக் கொடுக்கும் நேரத்தில் அவரையும் விரிப்பில் பிள்ளைகளோடு அமர வைக்கலாம்.