திரிகைக் கல்லை அடகு வாங்கலாமா?

நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பையோ மூன்றாண்டுப் பட்டயப் படிப்பையோ முடித்து, செவிலியர் குழுமத்தில் பதிவும் செய்துகொண்டு, முதல் வேலை தேடித் தனியார் மருத்துவமனையின் படியேறும் பெண்ணின் முன் ஒரு முத்திரைத்தாள் நீட்டப்படுகிறது. இரண்டு ஆண்டுகள், சில இடங்களில் மூன்று ஆண்டுகள், அங்கேயே பணிபுரிவதாகவும், இடையில் விலகினால் ‘பயிற்சிச் செலவு’ என்ற பெயரில் ஐம்பதாயிரமோ ஓர் இலட்சமோ கட்டுவதாகவும் அதில் அச்சிட்டிருக்கும். கையெழுத்திட்ட கையோடு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல்களை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவை இரும்பு அலமாரிக்குள் போய்விடும். மக்கள் வழக்கில் இதற்குப் ‘பாண்டு’ என்று பெயர்.

இவ்வழக்கம் நம் கத்தோலிக்க மருத்துவமனைகள் சிலவற்றிலும் உண்டு. ஆகவேதான் இதனை இவ்விதழில் எழுதுகிறோம். ஆண்டு முடியுமுன் ஒரு பெண் விலகிவிட்டால், அவள் ஊர்ப் பங்குத்தந்தைக்குத் தொலைபேசி வருகிறது: “ஃபாதர், உங்கள் நன்னடத்தைச் சான்றை நம்பித்தானே சேர்த்தோம்? வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவது பாவம் என்று அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்.” பங்குத்தந்தையர்களாகிய நாம் மருத்துவமனைகளின் கடன் வசூலிப்போர் அல்லோம். எனினும், பாவம் என்ற சொல் எடுக்கப்பட்டுவிட்டதால் அதனை ஆராய்ந்தே ஆகவேண்டும்.

வாக்குறுதி புனிதமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவரும் அதன் மறுபக்கத்தையும் பயின்றிருப்பர். வாக்குறுதி கொடுத்தபோதிருந்த நிலைமைகள் மாறிவிட்டாலோ, வாக்களித்த செயலே நேர்மைக்குப் புறம்பானது என்று தெளிவாகத் தெரிந்தாலோ, அதனை நிறைவேற்றாதவர் குற்றவாளி ஆகார் என்பது புனித அக்குவினோ தோமாவின் போதனை. அச்சுறுத்தியோ வஞ்சித்தோ பெறப்பட்ட ஆணை செல்லாது என்கிறது 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. வறுமை அத்தகைய அச்சுறுத்தல் ஆகாது என்று ஒருவர் வாதிடலாம். அவருக்குத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891லேயே விடை தந்துவிட்டார். வேறு வழியின்றியும், இதனினும் பெருந்தீங்கு வருமோ என்னும் அச்சத்தாலும் ஒரு தொழிலாளி கடுமையான நிபந்தனைக்கு இசைந்தால், அது வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளாவதேயன்றி உண்மையான உடன்படிக்கை அன்று என்பது ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடலின் தெளிவான நிலைப்பாடு. கல்விக் கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்க, தம்பி தங்கையர் படித்துக்கொண்டிருக்க, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அம்முத்திரைத்தாளை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு “எனக்கு இது வேண்டாம்” என்று எழுந்து வந்துவிட முடியுமா?

பயிற்சி என்கிறார்களே, அதனையும் பார்ப்போம். புதிதாகத் தேறியவளுக்குப் பயிற்சி தேவைதான். தீவிர சிகிச்சைப் பிரிவிலும், செயற்கைச் சுவாசக் கருவியின் அருகிலும், இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவிலும் கல்லூரி கற்பித்தது போதாது. மூத்த செவிலியர் ஒருவரை அவளுடன் நிறுத்தி, நோயாளிகளின் பொறுப்பைத் தனியாக அவளிடம் விடாமல், சில மாதங்கள் முறையாகக் கற்பிக்கும் மருத்துவமனை உண்மையிலேயே செலவு செய்கிறது. அத்தகைய மருத்துவமனைகளும் உள்ளன, அவற்றை மதிக்கிறோம். பல இடங்களில் நடப்பதோ வேறு. சேர்ந்த ஓரிரு வாரத்திலேயே அவள் பெயர் டியூட்டி பட்டியலில் ஏறிவிடுகிறது. இரவுப் பணியில் ஒரு வார்டு முழுவதும் அவள் கையில். மருந்து கொடுப்பதும், ஊசி போடுவதும், குறிப்பேடு எழுதுவதும், விடியற்காலையில் உறவினர்களின் கோபத்தை வாங்கிக்கொள்வதும் அவளே. நோயாளியின் கட்டணச் சீட்டில் செவிலியர் பணிக்கான தொகை முழுமையாக இருக்கும். அவள் கையில் கிடைப்பதோ ‘பயிற்சி ஊதியம்’. ஒரே பெண் நோயாளியிடம் பணம் வாங்கும்போது செவிலியராகவும், சம்பளம் கொடுக்கும்போது மாணவியாகவும் இருப்பது எப்படி என்று நமக்கு விளங்கவில்லை.

இவை எல்லாவற்றினும் கொடியது அந்த இரும்பு அலமாரி. கடன் கொடுத்தவன் திரிகையையோ அதன் மேற்கல்லையோ அடகாக வாங்கலாகாது என்று இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் விலக்குகிறது. அது ஒருவனது உயிரையே அடகாக வாங்குவதாகும் என்று காரணமும் கூறுகிறது. மேற்கல் இல்லாத திரிகையில் மாவரைக்க முடியாது. மாவின்றி அந்த வீட்டில் அப்பமில்லை. செவிலியரின் பதிவுச் சான்றிதழ் இத்தகைய மேற்கல்லே அன்றோ? அசல் இன்றி அரசுத் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போக முடியாது. வளைகுடா நாட்டுக்கோ இங்கிலாந்துக்கோ விண்ணப்பிக்க முடியாது. வேறு மருத்துவமனையில் சேர்வதும் அரிது. கடனைத் தீர்க்கும் வழியை அடைத்துவிட்டுக் கடனைக் கேட்பது என்ன நியாயம்? அதே அதிகாரம், கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையவும் கூடாது, வெளியே நின்று காத்திருக்க வேண்டும் என்கிறது. ஏழையின் வாசற்படிக்கு அவ்வளவு மரியாதை!

நாட்டுச் சட்டமும் இதில் ஏறக்குறைய விவிலியத்தின் பக்கமே நிற்கிறது. தனிமனிதரின் உழைப்பு சார்ந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த 1963இன் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் இடந்தருவதில்லை. 1872இன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகை முழுவதும் தானாகவே கிடைத்துவிடாது. அத்தொகையே மேல் எல்லை; அதற்குட்பட்டு நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவே. கல்விச் சான்றிதழ்கள் அடகுப் பொருள்கள் அல்ல என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் வழக்குகளில் சொல்லியிருக்கிறது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்றாண்டுப் பாண்டையும் இரண்டு இலட்ச ரூபாய்த் தொகையையும் ஏற்றுக்கொண்டதே என்பர் சிலர். உண்மைதான். அது திறந்த போட்டியில் செலவு செய்து ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனத்தின் வழக்கு. விலகியவர் நல்ல ஊதியம் பெற்ற அதிகாரி. அத்தீர்ப்பைக் காட்டிப் பயிற்சி ஊதியம் பெறும் பெண்ணின் சான்றிதழ்களைப் பூட்டி வைக்கலாம் என்று பொருள் கொள்வது தீர்ப்புக்கே அநீதி.

இங்கே துறவற சபையினர்க்கு ஒரு சொல். கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். திருச்சபைச் சட்டம் 653ஆம் எண், நவதுறவி தன் விருப்பப்படி சபையை விட்டு விலகலாம் என்கிறது. உணவும் உறைவிடமும் பயிற்சியும் தந்து வளர்த்த சபை அவளிடம் முத்திரைத்தாள் கேட்பதில்லை. இறைவனுக்கென்று தன்னை ஒப்புக்கொடுக்க வந்தவளுக்கே கதவு திறந்திருக்க, சம்பளத்துக்கு வந்தவளுக்கு மட்டும் ஏன் பூட்டு? அதே தொகுப்பின் 1286ஆம் எண், திருச்சபைச் சொத்துகளை நிருவகிப்போர் தொழில் தொடர்பான நாட்டுச் சட்டங்களைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடிக்கவும், உழைப்போர் தம் குடும்பத்தின் தேவைகளையும் நிறைவேற்றத்தக்க நேர்மையான ஊதியம் வழங்கவும் கடமைப்படுத்துகிறது.

மருத்துவமனையின் துன்பத்தை நாம் அறியாதவர்கள் அல்லோம். கற்றுக்கொடுத்து ஆறு மாதத்தில் ஆள் போய்விட்டால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிற்றூரில் ஏழைகளுக்காக நடத்தப்படும் ஐம்பது படுக்கை மருத்துவமனை வெளிநாட்டுச் சம்பளத்தோடு போட்டியிட இயலாது. இவையெல்லாம் மெய். ஆயினும் அவர்கள் ஏன் போகிறார்கள்? 2011, 2012ஆம் ஆண்டுகளில் கேரளத்திலும் தில்லியிலும் மும்பையிலும் செவிலியர் போராடியபோது, ஊதிய உயர்வோடு பாண்டு ஒழிப்பும் சான்றிதழ்களைத் திரும்பத் தருவதும் அவர்களின் கோரிக்கைகளாக இருந்தன. உச்ச நீதிமன்றத்தின் 2016 சனவரி ஆணைக்கிணங்க நடுவண் அரசு அமைத்த குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. கேரள அரசு 2018இல் அதனைக் குறைந்த அளவு ஊதியமாகவே அறிவித்தது. நம் பக்கத்து மருத்துவமனைகள் பலவற்றில் புதியவர்களுக்கு இன்று என்ன கொடுக்கப்படுகிறது என்பதை, மகள்களை அனுப்பியுள்ள பெற்றோர் நம்மைவிட நன்கு அறிவர். லாபான் யாக்கோபின் கூலியைப் பத்துமுறை மாற்றினான். இருபது ஆண்டுகளுக்குப் பின் யாக்கோபு சொல்லாமலே புறப்பட்டுப் போனார். தொடக்கநூல் அந்தப் புறப்பாட்டைப் பாவமென்று கண்டிக்கவில்லை.

விலகும் பெண்ணுக்கும் கடமை உண்டு. இரவோடு இரவாக வார்டை விட்டுவிட்டு ஓடுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம். அதற்கு நாம் பரிந்து பேச மாட்டோம். ஒரு மாத முன்னறிவிப்பை எழுத்தில் தரவேண்டும், பொறுப்புகளை ஒப்படைக்கவேண்டும். மருத்துவமனை தன் செலவில் வெளியே அனுப்பித் தனிப்பயிற்சி கொடுத்திருந்தால், பணிபுரிந்த மாதங்களைக் கழித்து எஞ்சிய பங்கைத் திருப்பித் தருவது நீதியே. அதற்கு மருத்துவமனை கணக்குக் காட்டட்டும். எவ்வளவு செலவு, எந்தப் பயிற்சிக்கு, யார் கற்பித்தார், எத்தனை நாள் என்று எழுதித் தரட்டும். கணக்கு இல்லாத தொகை இழப்பீடு அன்று, தண்டம்.

நம் மருத்துவமனைகளின் ஆட்சிக்குழுக்களிலும் மறைமாவட்டக் குழுக்களிலும் பொதுநிலையினர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைய தேதியில் நம் அலமாரியில் எத்தனை பேருடைய அசல் சான்றிதழ்கள் இருக்கின்றன? விடை கிடைத்ததும், நகலைச் சரிபார்த்து வைத்துக்கொண்டு அசல்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு தீர்மானம் நிறைவேற்றுங்கள். இதற்குப் பணச் செலவு ஏதுமில்லை.

பெற்றோர்களுக்கும் சொல்கிறோம். முத்திரைத்தாளில் கையெழுத்திடுமுன் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். நிரப்பாத இடங்கள் இருந்தால் கையெழுத்திட வேண்டாம். சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கேட்டால் அசலைக் காட்டிவிட்டு, அன்றே கையோடு வாங்கி வாருங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், ஒப்படைத்த அசல்களின் பெயரும் எண்ணும் குறித்து, திருப்பித் தரக் கோரும் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லையெனில் பங்கு இல்லத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.