பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்: திருநெல்வேலி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

உழவுக்கு அரசு பணம் ஒதுக்கவில்லை என்று குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. 2021 முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கையே சட்டமன்றத்தில் வாசிக்கப்படுகிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியம் உண்டு. பசுந்தாள் உர விதைக்கும், இயற்கை வேளாண்மைக்கு மாறுவதற்கும், கருவிகள் வாங்குவதற்கும் உதவி உண்டு. உழவன் செயலியைத் திறந்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனாலும் விவசாயிகள் விண்ணப்பிப்பதில்லை என்றால், விழிப்புணர்வு போதவில்லை என்று அதிகாரிகள் முடிவுகட்டி இன்னொரு முகாம் போடுகிறார்கள். தாமிரபரணிப் பாசனப் பகுதியில் சிக்கல் விழிப்புணர்வில் இல்லை. திட்டங்கள் பட்டாவைக் கேட்கின்றன. வயலில் இறங்குகிறவர் பலரிடம் அது இல்லை.

கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கீழ் நெல்லையிலும் தூத்துக்குடியிலுமாக 86,000 ஏக்கருக்கு மேல் நன்செய். இந்த இருபோக நிலத்தில் கணிசமான பகுதி கோயில்களுக்கும் மடங்களுக்கும், எப்போதோ சென்னைக்கும் மும்பைக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கும் உரியது. உழுகிறவர் குத்தகைக்காரர். ஏக்கருக்கு இத்தனை கோட்டை நெல் என்று வரப்பில் நின்று பேசி முடிப்பார்கள். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. பிசானப் போகம் அறுத்ததும் குத்தகை நெல்லை அளந்தாக வேண்டும். அடுத்த கார் சாகுபடிக்கும் வயல் கையில் இருக்குமா என்பது நிலத்துக்காரர் மனசைப் பொறுத்தது. பிஎம் கிசான் திட்டம் ஆண்டுக்குக் கொடுக்கும் 6,000 ரூபாய் நில உடைமைக் குடும்பங்களுக்கு மட்டுமே. 2025-இல் தமிழகத்தில் தொடங்கிய விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணும் நிலப் பதிவேட்டை ஒட்டியே தரப்படுகிறது. இனி ஒவ்வொரு திட்டமும் அந்த எண்ணைக் கேட்கப் போகிறது என்றால், இன்று விடுபட்டவர் நிரந்தரமாக விடுபடுவார். 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வங்கிக் கணக்கைத் தேடித்தான் அப்படிப்பட்ட தொகை போகும். கடன் வாங்கி நாற்று நட்டவர், போனால் போகிறது என்று நிலத்துக்காரர் தருவதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிவாரணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மண்ணைக் காக்கும் திட்டங்களின் கதி. மண்வளம் ஒரே போகத்தில் திரும்பிவிடாது. தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதால் அந்த ஆண்டுப் பயிருக்குக் கொஞ்சம் தழைச்சத்து கிடைக்கும். மண்ணின் தன்மை மாற வேண்டுமானால் தொடர்ந்து சில ஆண்டுகள் செய்தாக வேண்டும். மத்திய அரசின் பாரம்பரிய வேளாண் மேம்பாட்டுத் திட்டம் இயற்கை வேளாண்மைக்கு மாற மூன்று ஆண்டுகள் கேட்கிறது. குத்தகை நிலத்தில் சொட்டுநீர்க் குழாய் போட வேண்டுமென்றால் குறைந்தது ஏழு ஆண்டுகளுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். வாழைக்காக ஓராண்டுக்கு நிலம் பிடிக்கிறவர் ஏழு ஆண்டுப் பத்திரத்துக்கு எங்கே போவார்? அடுத்த போகம் தன்னுடையதா என்று தெரியாதவர் யூரியாவைத்தான் நம்புவார். அதை அறியாமை என்று சொல்வது அநியாயம். அவர் கணக்கு சரியான கணக்கு. மண்வளத்துக்கென்று அரசு ஒதுக்குகிற பணம் மண்ணோடு புழங்குகிறவரை எட்டாதவரை, திட்ட இலக்கு எட்டப்பட்டதாக அறிக்கை வரும், வயல் அப்படியே இருக்கும்.

உழுகிறவர் பெயரை ஏட்டில் ஏற்றப் புதிய சட்டம் தேவையில்லை. 1969-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்துவிட்டது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம். காப்பீட்டுத் தொகையில் கார் நெல்லுக்கு 2 விழுக்காடு, பிசானத்துக்கு 1.5 விழுக்காடுதான் அவர் கட்ட வேண்டிய பிரீமியம். ஆனால் அதற்கும் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்னும் பயிர்ப் பதிவுச் சான்றைத் தர வேண்டும். எல்லாம் அந்த ஒரு தாளில் வந்து நிற்கிறது. எனவே என் கோரிக்கை இதுதான்: பசலிதோறும் பயிராய்வு நடக்கும்போது புல எண்ணையும் பயிரையும் குறிக்கிற கை, உழுகிறவர் பெயரையும் குறிக்கட்டும். அந்தப் பதிவைச் சான்றாக ஏற்று விதை, உரம், காப்பீடு, நிவாரணம் ஆகியவற்றை வழங்க உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட அளவில் உத்தரவிடுங்கள்.

பெயரை எழுதினால் நிலம் கைமாறிவிடும், அந்தப் பயத்தில் நிலத்துக்காரர் குத்தகைக்காரரையே வெளியேற்றிவிடுவார் என்று ஒரு மறுப்பு வரும். வெறும் பயம் என்று அதை நான் ஒதுக்கவில்லை. குத்தகைப் பதிவேடு பல ஊர்களில் வெறும் ஏடாகவே நின்றுபோனதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். அதனால்தான் கோயில், மட நிலங்களிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். அங்கே உடைமை யாருக்கு என்பதில் ஐயமில்லை, குத்தகைப் பேரேடும் ஏற்கெனவே இருக்கிறது. பேரேட்டில் தாத்தா பெயர் இருக்கும், உள்குத்தகைக்கு எடுத்து உழுகிறவர் வேறொருவராக இருப்பார் என்பதும் உண்மைதான். வயலில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். தனியார் நிலங்களில், பயிர் உதவிக்கு மட்டுமே செல்லும், உடைமைக்கோ குத்தகை உரிமைக்கோ சான்றாகாது என்று அச்சிட்ட ஒரு பருவச் சான்று போதும். நிலத்துக்காரரும் குத்தகைக்காரரும் ஒரே மானியத்தை இரண்டு முறை வாங்குவார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். ஆழ்துளைக் கிணறு, பண்ணைக்குட்டை போன்று நிலத்தோடு நிற்பவை உடைமையாளருக்கு. போகத்தோடு முடிபவை சாகுபடி செய்பவருக்கு என்று பிரித்துவிட்டால் அதற்கு இடமில்லை. பிஎம் கிசான் விதியை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, அதை உங்களிடம் கேட்கவுமில்லை.

மாவட்டம் முழுவதும் ஒரே நாளில் செய்ய முடியாது. கன்னடியன் கால்வாயின் 12,500 ஏக்கர் ஆயக்கட்டில் உள்ள கோயில், மட நிலங்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்த் துறை, வேளாண்மைத் துறை, இந்து சமய அறநிலையத் துறை மூன்றையும் ஒரே மேசைக்கு அழைக்க மாவட்டத்தில் உங்களால்தான் முடியும். பிசான நடவு நடக்கும்போதே பயிராய்வைத் தொடங்கி, காப்பீட்டுக் கெடுவுக்குள் சான்றுகளைக் கொடுக்கப் பாருங்கள். எழுதிய பட்டியலை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபத்துக்கு 15 நாள் கொடுங்கள். வருகிற ஆட்சேபங்களை மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நேரில் விசாரியுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணிப் பாசனத்தில் அக்கறையுள்ள ஒருவர்