பத்தாம் வகுப்பும் பந்தும்

"பத்தாம் வகுப்பு வந்துவிட்டது, இனிப் பந்தை மூட்டை கட்டி வை" என்று இடையஞ்சாவடியில் வீடுதோறும் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. பெரியவர்கள் பொறுத்தருள்க.

சென்னையில் 1985-ஆம் ஆண்டு பிறந்த அனிதா பால்துரை, கல்லூரிப் பருவத்தில், 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவியானார். படிப்பையும் விடவில்லை. தெற்கு ரயில்வேயில் வேலையும் பெற்றார். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன் போட்டிகளில் ஆடினார். ஒரு மகனுக்குத் தாயான பின்னும் களத்துக்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என வென்றது. இரண்டே புள்ளி! 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

"எல்லாரும் அனிதா ஆக முடியுமா?" என்கிறார் என் தந்தை. முடியாதுதான். எல்லாரும் டாக்டர் ஆகவும் முடியாதே! கார்டாக ஆடுகிறவள் பந்தைத் தட்டிக்கொண்டே நான்கு தோழியரையும் எதிரணி ஐவரையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். கணக்குப் பாடம்கூட அவ்வளவு விரைவாக யோசிக்கச் சொல்வதில்லை. மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரும் தாய்மாரின் மகள்களுக்கு உடலில் வலு உண்டு. இல்லாதது நேரம் மட்டுமே.

மாலையில் அரைமணி நேரம் தாருங்கள். ஐந்தேகாலுக்குள் டியூஷனில் இருப்போம்.