பழைய போஸ்டைப் பார்த்துச் சிரிக்கிறவைக்கு

ஃபேஸ்புக் 'மெமரிஸ்' ஒன்றைக் காட்டினவுடனே ஸ்கிரீன்ஷொட் எடுத்து, "ஐயோ, அப்ப நான் எவ்வளவு கிறிஞ்" என்று போடுவது இப்ப வழக்கம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று எங்கட வயதுக்காரர் எங்க இருந்தாலும் இதைச் செய்யினம். கேட்டால், இது பணிவாம், பக்குவமாம்.

இல்லை, இது பெருமை. பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கூண்டில ஏத்திச் சிரிக்கிறது ஆர்? இருபத்திரண்டு வயதுக்காரர். "இப்ப நான் தெளிஞ்சிட்டன்" என்பதுதான் அந்தப் போஸ்டின் உண்மையான செய்தி.

தலைமயிர் வெட்டையும் செல்ஃபியையும் பார்த்துச் சிரியுங்கோ, ஆருக்கும் நட்டமில்லை. ஆனால் 2022இல் காலிமுகத்திடலுக்குப் போனதையும் அந்தப் பட்டியலில சேர்க்கிறீங்கள். ஏப்ரல் 9 அங்க கூடாரம் போட்டாங்கள். மே 18 அதே இடத்தில முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. யூலை 14 கோட்டாபய பதவி விலகினார். பிறகு நாங்கள் நினைச்ச நாடு வரவில்லை, சரி. அதுக்காக அங்க போய் நின்ற பிள்ளை முட்டாளா? அந்தப் பிள்ளைக்கு இருந்த துணிவு இப்ப உங்களிட்ட இல்லாமலும் இருக்கலாம். அதை மறைக்கத்தான் இந்தச் சிரிப்போ?

பிழையான பக்கம் நின்றிருந்தால்? அதுக்கும் சிரிப்பு மருந்தில்லை. யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம ஒரு காலத்தில் புலிகளை ஆதரித்தவர். பிறகு மாறினார். "அப்ப இளம் வயது, விளங்கவில்லை" என்று அவர் கணக்கை மூடவில்லை. மற்ற மூவரோட சேர்ந்து 'முறிந்த பனை' எழுதினார். அரசு, இந்தியப் படை, இயக்கங்கள் எல்லாரையும் கேள்வி கேட்டார். 1989 செப்டெம்பர் 21 அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35.

எங்களிட்ட ஆரும் அவ்வளவு விலை கேட்கவில்லை. கேட்கிறது இரண்டே கேள்விதான். நான் அப்ப நம்பினதால ஆருக்கு நொந்தது? அப்ப எனக்குத் தெரிஞ்ச எது இப்ப தெரியாமல் போச்சு? முதலாவது கேள்விக்குப் பதில் இருந்தால், போஸ்டை விட்டிட்டு அந்த ஆளிட்டப் போய்க் கதையுங்கோ. இரண்டாவதுக்குப் பதில் இருந்தால், அந்தப் பிள்ளையிட்ட இருந்து திரும்பப் படியுங்கோ. பணிவு என்றால் இதுதான். லைக் வராது, பரவாயில்லை.